எட்டு போட எந்த வண்டியைக் கொண்டுபோவது?

எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்து 30 நாள் முடிந்ததும் ஓட்டுநர் உரிம டெஸ்ட்டுக்குத் தேதி எடுத்துவிடுகிறோம். வண்டிக்கு என்ன செய்வது என்ற கவலை முந்தின நாள் ராத்திரிதான் வருகிறது.

வண்டி உங்கள் பேரில் இருக்க வேண்டியதில்லை. சித்தப்பா வண்டியோ பக்கத்து வீட்டு வண்டியோ போதும். ஆனால் எந்த உரிமம் வேண்டுமோ அந்த வகை வண்டியாக இருக்க வேண்டும். ஓட்டச் சுலபம் என்று ஸ்கூட்டியில் எட்டு போட்டால் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் உரிமம். கியர் பைக்கில் தேறியவருக்கு ஸ்கூட்டருக்குத் தனி டெஸ்ட் கிடையாது. அதனால் கியர் வண்டியே லாபம். அதிலும் புல்லட் வேண்டாம்; ஸ்ப்ளெண்டர் மாதிரி எடை குறைந்ததுதான் எட்டில் காலூன்றாமல் வளையும்.

பெரும்பாலும் மாட்டிக்கொள்வது பேப்பரில். அப்பாவின் பழைய பைக் என்றால் முதலில் ஆர்.சி. (பதிவுச் சான்று) தேதியைப் பாருங்கள். பதிவு 15 வருஷத்துக்குத்தான், அப்புறம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பித்திருக்க வேண்டும். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது பைக்கோடு 5 வருஷ மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்தே வந்திருக்கும். அந்த நம்பிக்கையில் ஏழாவது வருஷமும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு! புகைச் சான்றிதழ் புது வண்டிக்கு முதல் வருஷம் தேவையில்லை. அதற்குப் பிறகு வேண்டும். பெட்ரோல் பங்க்கிலேயே பல இடங்களில் எடுத்துவிடலாம். டிஜிலாக்கரில் இருந்தாலும் ஒரு ஜெராக்ஸ் கையில் இருக்கட்டும், மைதானத்தில் சிக்னல் கிடைக்காத இடங்கள் இருக்கின்றன.

எல் போர்டு முன்னும் பின்னும் வேண்டும். 18 செ.மீ. சதுர வெள்ளை அட்டை, சிவப்பு எழுத்து, உயரம் 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஒரே ஒரு எல் போர்டைப் பின்னால் மட்டும் ஒட்டிக்கொண்டு வருவது வழக்கமான தப்பு. கண்ணாடி, ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு நான்கையும் கிளம்புமுன் ஒருமுறை போட்டுப் பாருங்கள். டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் கண் முதலில் அங்கேதான் போகும். ஹெல்மெட்டை மறக்க வேண்டாம்.

கார் என்றால் ஹேண்ட் பிரேக்கைக் கவனியுங்கள். அது தளர்ந்திருந்தால் மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருளும். வீட்டுக் காரில் பழகியவர் டெஸ்ட்டன்று டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறினால் கிளட்ச் பிடிக்கும் இடமே மாறிப்போய் இன்ஜின் அணையும். ஒரு நாளாவது அதே காரை ஓட்டிப் பாருங்கள். மைதானம் வரை நீங்களே ஓட்டிப்போனால், உரிமம் உள்ள ஒருவர் பக்கத்து சீட்டில் இருந்தாக வேண்டும். வாடகைக் காரை நம்ப வேண்டாம், உரிமம் இல்லாதவர் கையில் அதைத் தர மாட்டார்கள்.