மூன்றரை லட்சத்தில் முதல் கார்

மூன்றிலிருந்து நாலு லட்சம் வரை கையில் வைத்துக்கொண்டு செகண்ட்ஸில் முதல் கார் தேடுகிறவர்கள், அதிலும் இருபத்திரண்டு இருபத்தைந்து வயதுக்காரர்கள், என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். இதே காசுக்குப் பழைய வெர்னாவோ ஹோண்டா சிட்டியோ கிடைக்கும்போது எதற்கு அண்ணா ஒரு சின்ன வண்டி? ஒரகடத்தில் வேலை பார்க்கும் என் சித்தி மகனும் இதையே கேட்டான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இது வெறும் காசு விஷயம் மட்டும் இல்லை.

முதலில் காசு. பத்து வருஷத்தில் வண்டியின் விலைதான் இறங்குகிறது, உதிரி பாகத்தின் விலை இறங்குவதில்லை. புதிதாகப் பத்துப் பன்னிரண்டு லட்சத்துக்கு விற்ற செடானை மூன்றரைக்கு வாங்கினாலும், அதன் ஏசி கம்ப்ரஸர், சஸ்பென்ஷன், ஹெட்லைட் எல்லாம் இன்றைக்கும் பத்து லட்ச ரூபாய் வண்டியின் விலையில்தான் வரும். டீசல் என்றால் டர்போ, இன்ஜெக்டர் செலவும் சேர்ந்துகொள்ளும். மாதம் எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு டீசலே தேவையில்லை. லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் வண்டியில் எண்ணூறு கிலோமீட்டருக்கு ஐம்பது லிட்டர், லிட்டர் நூறு ரூபாய் கணக்கில் ஐயாயிரம். டீசலில் இதில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு மிச்சமாகலாம், ஆனால் ஒரு இன்ஜெக்டர் வேலை வந்தால் பல மாத மிச்சம் ஒரே நாளில் போய்விடும்.

ஆனால் நான் சின்ன வண்டியைச் சொல்வதற்கு முக்கியமான காரணம் வேறு. அதே பணத்தில் சின்ன வண்டி என்றால் அந்தச் செடானைவிட நாலைந்து வருஷம் புதிய வண்டி கிடைக்கும், அந்த நாலைந்து வருஷம் உயிர் சம்பந்தப்பட்டது. நம் நாட்டில் 2019 ஏப்ரலுக்குப் பிறகுதான் எல்லாப் புதுக் கார்களிலும் ஏபிஎஸ், அதாவது பிரேக்கை அழுத்தி மிதித்தாலும் சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு, கட்டாயமானது. அதே வருஷம் ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக் கட்டாயம், பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் 2022 ஜனவரியிலிருந்து. அதற்கு முன்னால் இவையெல்லாம் பெரும்பாலும் டாப் மாடல் வாங்கினால் கிடைக்கிற வசதிகள். 2014 ஜனவரியில், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஸ்டார் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு ஆல்டோ 800, ஐ10, நானோ, ஃபிகோ, போலோ என்று ஐந்து கார்களின் ஏர்பேக் இல்லாத ஆரம்ப மாடல்களை மோதிப் பார்த்தது, பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்யம் ஸ்டார். போலோ உட்பட. அதனால் 'பிராண்டு நல்ல பிராண்டு' என்று யாராவது சொன்னால் எந்த வருஷம், எந்த வேரியன்ட் என்று திருப்பிக் கேளுங்கள்.

புதிதாக ஓட்டுகிறவருக்கு ஏபிஎஸ் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பயந்துபோய் பிரேக்கை முழுசாக மிதிக்கிறவர் அவர்தான். ஈசிஆரில் ராத்திரி திடீரென்று மாடு குறுக்கே நிற்கும். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் அப்படி மிதித்தால் சக்கரம் லாக் ஆகிவிடும், அப்புறம் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் சறுக்கிப் போகும். ஏபிஎஸ் இருந்தால் மிதித்த காலை எடுக்காமலே ஒதுக்கிக்கொண்டு போக முடியும். அந்த நேரத்தில் பெடல் காலடியில் தடதடவென்று அதிரும், அது பழுது இல்லை, ஏபிஎஸ் வேலை செய்கிறது என்று அர்த்தம். பலர் அந்த அதிர்வுக்குப் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். வண்டி வாங்கியதும் பக்கத்தில் அனுபவசாலி ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு, ஆளில்லாத மைதானத்தில் மெதுவான வேகத்தில் ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிடுங்கள், கால் அந்த அதிர்வைத் தெரிந்துகொள்ளட்டும்.

சரி, எந்த வண்டி? 2020 தொடக்கத்தில் வந்த டாடா டியாகோ என் முதல் தேர்வு. இரண்டு ஏர்பேக்கோடு சோதித்தபோது குளோபல் என்கேப்பில் நாலு ஸ்டார் வாங்கிய வண்டி, இந்த விலையில் அப்படி வேறொன்றைத் தேடுவது கஷ்டம். மூன்று சிலிண்டர் இன்ஜின் என்பதால் ஐடிலில் நிற்கும்போது கொஞ்சம் அதிர்வு தெரியும். மாருதி அளவுக்கு ரீசேல் இல்லை என்று எல்லோரும் குறை சொல்வார்கள், ஆனால் செகண்ட்ஸில் வாங்குகிற நமக்கு அது லாபம்தானே, விலை குறைவாகக் கிடைக்கிறது. அதற்கு அடுத்து 2019 ஜூலைக்குப் பிறகு வந்த வேகன்ஆர், சான்ட்ரோ. இரண்டும் 2019 சோதனையில் இரண்டு ஸ்டார்தான், ஆனால் உட்கார்ந்து ஓட்ட சுலபம், எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார், வேகன்ஆரில் உயரமாக உட்காருவதால் நாலு மூலையும் கண்ணுக்குத் தெரியும். எஸ்-பிரஸ்ஸோ மலிவாகக் கிடைக்கும், ஆனால் 2020-இல் டிரைவர் ஏர்பேக்கோடு சோதித்தே பூஜ்யம் வாங்கியது, அதனால் அந்த வருஷத்து வண்டியை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஃபோர்டு ஃபிகோ ஓட்டுவதற்கு அருமையான வண்டி, அதன் முதல் தலைமுறை மறைமலை நகரில் பிறந்தது என்று நமக்கு ஒரு பாசமும் உண்டு, ஆனால் 2021-இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்த பிறகு பாகங்களுக்கு அலைய நேரமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது. முதல் காருக்கு வேண்டாம்.

புதுசே வாங்கிவிடலாமே என்றும் கேட்பார்கள். 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்த பிறகு அது நியாயமான கேள்விதான். ஆனால் எக்ஸ் ஷோரூம் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். தமிழ்நாட்டில் ஐந்து லட்சம் வரைக்கும் வண்டி விலையில் 12 சதவீதம் சாலை வரி, அதைத் தாண்டிப் பத்து லட்சம் வரை 13, இன்சூரன்ஸ் தனி. ஆனாலும் மொத்தமும் லோன் போட்டுத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் புதுசையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பழைய வண்டிக்கு வட்டி அதிகம். மூன்று லட்சத்தை 13 சதவீதத்தில் நாலு வருஷத்துக்கு எடுத்தால் மாதம் சுமார் 8,050 ரூபாய், வட்டி மட்டும் 86 ஆயிரம் போகும். அதே தொகை 9 சதவீதத்தில் கிடைத்தால் வட்டி 58 ஆயிரம்தான். என்னைக் கேட்டால், ஒரு வருஷம் பொறுத்துப் பாதிப் பணத்தையாவது சேர்த்துவிட்டுப் போங்கள். சம்பளம் முப்பதாயிரம் வாங்குகிற பையன் எட்டாயிரம் இஎம்ஐ கட்டி, ஐயாயிரத்துக்குப் பெட்ரோல் போட்டு, அதற்கு மேல் ஒரு சர்வீஸும் வந்தால் வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போக வேண்டியதாகிவிடும்.

மூன்றரை லட்சம் இருக்கிறதென்றால் மூன்று லட்சத்துக்குள் வண்டியைப் பாருங்கள். மிச்சம் ஐம்பதாயிரம் வாங்கிய பிறகு வரும் செலவுக்கு. டயர், பேட்டரி, ஆயில், பிரேக் பேட், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் என்று முதல் இரண்டு மாதத்தில் இந்தப் பணம் கண்டிப்பாகக் கரையும்.

இனி வண்டி பார்க்கப் போகும் கதை. சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கம் வாங்குகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் பயப்பட வேண்டியது வெள்ளத்தில் நின்ற வண்டிக்குத்தான். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் கழுத்தளவு தண்ணீரில் நின்ற கார்களைப் பார்த்தோம். இன்சூரன்ஸ் கம்பெனி மொத்த நஷ்டம் என்று எழுதிவிட்ட வண்டிகள்கூட ஏலத்தில் போய், கழுவித் துடைத்து, மறுபடி விற்பனைக்கு வருகின்றன. பார்வைக்கு ஷோரூம் வண்டி மாதிரி இருக்கும். சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள். மேலே பளிச்சென்று இருந்து, கடைசி ஒரு அடியில் காவி நிறத்தில் கறை இருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி இருக்கும் இரும்பில் துரு, டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அதன் குழியில் நைசான மண், கால்மிதிக்கு அடியில் ஈர நாற்றத்தை மறைக்க அடித்த கனமான சென்ட், இவையும் அப்படித்தான்.

அப்புறம் ஏர்பேக் விளக்கு. இதைக் கட்டாயம் பாருங்கள். சாவியைப் போட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஆன் மட்டும் செய்தால் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் பழுது. எரியவே இல்லை என்றால் அது இன்னும் மோசம், அந்த விளக்கையே பிடுங்கிவிட்டிருக்கலாம். பெரும்பாலான கார்களில் ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி கியருக்குப் பக்கத்தில் தரையை ஒட்டித்தான் இருக்கும், தண்ணீர் ஏறினால் அது சீக்கிரமே நனைந்துவிடும். நாம் 2019-க்குப் பிந்தைய வண்டி தேடுவதே இதற்காக என்னும்போது இந்த விளக்கைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

மீட்டரைக் குறைப்பது சகஜமாகிவிட்டது. நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி என்பார்கள், பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும், ஸ்டியரிங் தோல் உரிந்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருஷம், 2320 என்றால் 2020-இன் 23-ஆவது வாரம். வண்டி 2020, மீட்டரில் இருபத்தைந்தாயிரம், டயர் நாலும் 2024 என்றால் என்ன அர்த்தம் என்று ஓனரிடம் கேட்கலாம். நிச்சயமான வழி, கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டியின் சர்வீஸ் விவரத்தை எடுத்துப் பார்ப்பது. அதற்கு ஓனரையே கூட அழைத்துப் போங்கள். வரமாட்டேன் என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

விபத்தைக் கண்டுபிடிக்க பானெட்டைத் திறந்து ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு) போல்ட்டுகளைப் பாருங்கள். கம்பெனியில் பெயின்ட் அடித்தபடியே இருந்தால் அந்தப் பெயின்ட் உடையாமல் இருக்கும், ஸ்பேனர் போட்டிருந்தால் போல்ட்டின் மூலையில் பெயின்ட் உதிர்ந்து இரும்பு தெரியும். கதவு ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தால் வரிசையாக வட்ட வட்டமாக ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் இருக்கும், அவை காணாமல் பட்டி பூசி மெழுகியிருந்தால் அந்தப் பக்கம் பெரிய அடி வாங்கியிருக்கிறது. பம்பர் மாற்றியது, கதவில் டிங்கரிங் பார்த்தது எல்லாம் நம் ஊர் டிராஃபிக்கில் சாதாரணம், அதை வைத்து விலை பேசலாம், பயப்பட வேண்டாம். ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த பிறகு இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லுங்கள். கடைசி முடிவுக்கு முன் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப்போய் ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

பேப்பர் விஷயத்தில் பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டாலே ஓனர் எத்தனையாவது, இன்சூரன்ஸ் எதுவரை, ஹெச்பி (வண்டி மேல் லோன் இருப்பதற்கான பதிவு) இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அபராத பாக்கியை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். லோன் முடிந்திருந்தாலும் ஆர்சியில் ஹெச்பி ரத்தாகாமல் இருந்தால் பாங்க் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) ஹெச்பியை ரத்து செய்வதற்கான படிவம் 35-உம் வாங்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். டி-போர்டாக, அதாவது டாக்ஸியாக ஓடி, சொந்த உபயோகத்துக்கான ஓன்-போர்டுக்கு மாறிய வண்டியா என்றும் கேட்டுவிடுங்கள், அவை ஓடும் ஓட்டமே வேறு. பாண்டிச்சேரி, டெல்லி நம்பர் வண்டி மலிவாகத் தெரியும், ஆனால் அந்த ஊர் என்ஓசி, இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு வரி எல்லாம் சேர்த்தால் வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போகும், அலைச்சல்தான் மிச்சம்.

இன்சூரன்ஸில் ஒரு நல்ல செய்தி. வெளிநாடுகளில் சிலவற்றில் இளம் வயது டிரைவருக்கு பிரீமியம் கண்ணைக் கட்டும், இங்கே தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் நஷ்டத்துக்கான) பிரீமியத்துக்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை, இன்ஜின் சிசிதான் கணக்கு. 2022-இல் நிர்ணயித்தபடி 1000 சிசி வரை வருஷத்துக்கு 2,094 ரூபாய், 1500 வரை 3,416, ஜிஎஸ்டி தனி. ஆனால் விற்கிறவரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது ஆளுக்குரியது, வண்டிக்குரியது இல்லை. பாலிசியைப் பெயர் மாற்றும்போது அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள், அதையும் அந்த ஐம்பதாயிரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாலிசியில் பெயர் மாற்ற 14 நாள்தான் அவகாசம். பழைய ஓனர் பெயரிலேயே பாலிசி இருக்கும்போது வண்டியை எங்காவது இடித்துவிட்டால், உங்கள் வண்டிக்கான கிளெய்ம் கிடைக்காமல் போகலாம். அதனால் பணம் கைமாறுகிற அன்றைக்கே ஆர்சி பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, ஓனரின் ஆதார் நகல், அசல் ஆர்சி, இரண்டாவது சாவி எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். புரோக்கர் நான் மாற்றித் தருகிறேன் என்றாலும், ஆர்சி உங்கள் பெயருக்கு வரும் வரை ஒரு பத்தாயிரத்தை நிறுத்தி வைத்து, அதை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.