வரித்தாளில் இரண்டு குப்பைக் கட்டணங்கள்

அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரில் நாங்கள் வீடு வாங்கிய முதல் ஆண்டு, கோடையின் நடுவில் சொத்துவரித் தாள் அஞ்சலில் வந்தது. வீட்டுக்கடன் கொடுத்த வங்கியே வரியையும் கட்டிவிடும் என்பதால் எங்கள் அலுவலகத் தமிழர்களில் பலர் அந்த உறையைப் பிரிப்பதுகூட இல்லை. நான் பிரித்தேன். நம் மாவட்டம் போல, நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் உள்ளடக்கிய மெக்லன்பர்க் கவுன்ட்டிக்கு ஒரு வரி, சார்லட் நகரத்துக்கு ஒரு வரி என்றிருந்ததை ஏற்றுக்கொள்ள முடிந்தது. ஆனால் குப்பைக்கென்று கவுன்ட்டியின் பெயரில் ஒரு கட்டணமும் நகரத்தின் பெயரில் இன்னொரு கட்டணமும் போட்டிருந்ததைப் பார்த்தவுடன், ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் பிடுங்குகிறார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

பக்கத்து வீட்டில் பணி ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். அவரிடம் புலம்பியபோது, "ஒன்று அள்ளிக்கொண்டு போவதற்கு, மற்றொன்று கொட்டுவதற்கு" என்று அவர் சுருக்கமாகச் சொன்னார். வாசலில் வைக்கும் தொட்டியை எடுத்துச் செல்லும் லாரி நகரத்தினுடையது. அது போய்ச் சேரும் இடத்துக்கும், மறுசுழற்சிப் பொருள்களைப் பிரிக்கும் நிலையத்துக்கும், இலைதழைகளை மட்கவைக்கும் கிடங்குக்கும் பொறுப்பு கவுன்ட்டியினுடையது.

இதைக் கேட்டுத் தலையாட்டிய நான், 2021-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அதே விஷயத்தில் தவறு செய்தேன். தோட்டத்து இலைகளைப் பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டித் தெருவோரம் வைத்துவிட்டு அலுவல் பார்க்கப் போனேன். மாலையில் பைகள் வைத்தது வைத்தபடியே இருந்தன. பிளாஸ்டிக் பையில் கட்டிய இலைகளைக் கவுன்ட்டியின் கிடங்கு ஏற்பதில்லை என்று அந்த ஆண்டு ஜூலையிலேயே விதி வந்துவிட்டது. கிடங்கு ஏற்காததை அள்ளி நகரத்து லாரி என்ன செய்யும்? அறிவிப்பைப் படிக்காதது என் பிழை. அத்தனை இலைகளையும் காகிதப் பைகளுக்கு மாற்றி முடிக்க ஒரு சனிக்கிழமை முழுதும் பிடித்தது.

அதன் பிறகுதான் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். நகரத்தையும் கவுன்ட்டியையும் ஒரே அரசாக இணைத்துவிடலாமா என்ற கேள்வி 1971-இல் வாக்கெடுப்புக்கு வந்தது. மக்கள் பெரும்பான்மையாக மறுத்துவிட்டார்கள். ஆனால் பள்ளிகள் 1960-லேயே ஒன்றாகியிருந்தன. வாக்கெடுப்பு தோற்ற மறு ஆண்டே குடிநீரும் கழிவுநீரும் ஒரே துறையாகி நகரத்தின் கைக்கு வந்தன. பூங்காக்கள் 1992-இல் கவுன்ட்டிக்குப் போயின. காவல் துறைகள் இரண்டும் 1993-இல் ஒன்றாயின. முழுதாக மறுக்கப்பட்ட இணைப்பு துறை துறையாக, உடன்படிக்கை உடன்படிக்கையாக நடந்தேறியிருக்கிறது. நகர மன்றமும் கவுன்ட்டி ஆணையர்களும் 1988-இல் திறக்கப்பட்ட ஒரே அரசுக் கட்டடத்தில்தான் கூடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது மழைநீர்ப் பங்கீடுதான். நான் வளர்ந்தது நகராட்சி எல்லையை ஒட்டிய ஓர் ஊராட்சியில். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் தேங்கிய சாக்கடையை அந்தப் பக்கத்துத் துப்புரவுப் பணியாளர் தொடமாட்டார், தண்ணீர் மட்டும் இரண்டு பக்கமும் ஓடும். இங்கே எல்லைக்கோட்டை வைத்துப் பிரிக்காமல், நீர் எங்கிருந்து வடிந்து வருகிறது என்பதை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். ஒரு சதுர மைலுக்கு மேற்பட்ட பரப்பின் நீரை வாங்கிக்கொள்ளும் ஓடையானால் அது கவுன்ட்டியின் பொறுப்பு; அதற்குக் குறைந்த வாய்க்கால்களும் தெருவோரக் குழாய்களும் நகரத்தையோ, கவுன்ட்டிக்குள் தனி நிர்வாகம் உள்ள அந்தந்தச் சிற்றூரையோ சேர்ந்தவை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் போகும் சிறு கால்வாய் நகரத்தின் கணக்கு என்றால், அது போய் விழும் மல்லார்டு ஓடை கவுன்ட்டியின் கணக்கு. இரண்டுக்குமான கட்டணம் குடிநீர்க் கட்டணத் தாளிலேயே வந்துவிடுகிறது. கூரையும் கான்கிரீட் பாதையுமாக, மழைநீரை மண்ணுக்குள் இறங்கவிடாத பரப்பு ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு என்பதைக் கொண்டு அதைக் கணக்கிடுகிறார்கள். வெள்ளம் அடிக்கடி புகும் தாழ்வான பகுதிகளில், விற்க முன்வருவோரின் வீடுகளை வாங்கி இடித்துவிட்டு அந்த நிலத்தை ஓடைக்கே விட்டுவிடும் வேலையைக் கவுன்ட்டி 1999 முதல் செய்துவருகிறது. நகர மையத்துக்கு அருகே வணிக வளாகத்தின் வாகன நிறுத்தத்துக்கு அடியில் புதைந்து கிடந்த லிட்டில் ஷுகர் ஓடையைத் திறந்து, இருகரையிலும் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த அம்மா தினமும் அங்கேதான் நடக்க விரும்பினார்.

இதில் குறை இல்லாமல் இல்லை. யாரிடம் கேட்பது என்பது உள்ளூரில் பிறந்தவர்களுக்கே குழப்பமாக இருக்கிறது. வீட்டின் பின்புறம் மரத்தளம் ஒன்று அமைக்க நினைத்தால், எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும் என்ற விதி நகரத்தினுடையது, கட்டட அனுமதியும் ஆய்வும் கவுன்ட்டியினுடையவை. பள்ளி வாரியத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் மக்கள்தாம் என்றாலும் வரி விதிக்கும் அதிகாரம் அந்த வாரியத்துக்கு இல்லை. கட்டடத்துக்கான பணத்தைக் கவுன்ட்டியிடம் கேட்டுத்தான் பெற வேண்டும். நகர எல்லைக்கு வெளியே, எந்தச் சிற்றூரிலும் சேராத சில இடங்களில் ரோந்து வரும் காவலர்கள் நகரத்துத் துறையினர். ஆனால் அங்கே குடியிருப்பவர்களுக்கு நகர மேயரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு இல்லை. வரி கட்டியும் எதற்கும் வாக்கில்லாமல் விசாவில் காலம் தள்ளும் எனக்கு அவர்கள்மீது தனி அனுதாபம் உண்டு. அண்டை வீட்டுக்காரரோ இதையெல்லாம் குறையாகவே பார்ப்பதில்லை. தண்ணீர் வருகிறது, லாரி வருகிறது, போதாதா என்பார்.

கவுன்ட்டியின் கிடங்கில் மட்கிய உரத்தை விலைக்கும் கொடுக்கிறார்கள். குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்துக் காப்பாற்றிய கறிவேப்பிலைச் செடியை வெளியே எடுத்ததும், அங்கே போய்க் கொஞ்சம் வாங்கிவந்தேன். தொட்டியில் கொட்டிக் கிளறியபோது பாதி மட்கிய பைன் ஊசியிலை ஒன்று அகப்பட்டது. எங்கள் தெரு முழுக்க பைன் மரங்கள்தாம்.