செகண்ட் ஹேண்ட் மடக்கு ட்ரைக்: இன்ஸ்டோவில் வாங்கி பாத் வரை ஓட்டிய கதை

மடக்கினால் நீளம் குறையும், அகலம் அப்படியேதான் இருக்கும். சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள், அதாவது ட்ரைக், வாங்க நினைக்கிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். ஏனென்றால் வீடியோக்களில் ஒருவர் குனிந்து ஏதோ லீவரைத் தட்டி, வண்டியை மடித்து, சிரித்துக்கொண்டே எடுத்துப் போவதைப் பார்த்தால், அட, ஆபீஸ் லிஃப்டிலேயே கொண்டுபோய்விடலாம் போலிருக்கிறதே என்று தோன்றும். முடியாது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று என்று இருக்கும் இந்த வகையில், பின்சக்கரம்தான் மடங்கி முன்பக்கம் வருகிறது. முன்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் முக்கால் மீட்டர்ச் சொச்சம் எங்கேயும் போகாது. இங்கிலாந்து வீட்டின் உள்கதவு பெரும்பாலும் 76 சென்டிமீட்டர் அகலம், அதில் நுழைக்கவே வண்டியை ஒருக்களித்துத்தான் தூக்க வேண்டும். மடக்கும் வசதி கார் டிக்கிக்கானது. அந்த ஒரு காரணம் போதுமென்றால் வாங்கலாம். எனக்குப் போதும்.

எனக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம். சாதாரண சைக்கிளில் குனிந்தபடி தலையை மட்டும் நிமிர்த்திக்கொண்டு போனால், அரை மணி நேரத்தில் வலது தோளிலிருந்து விரல் வரை மரத்துப்போகும். பிசியோதெரபிஸ்ட் நீச்சலுக்குப் போகச் சொன்னார், குளோரின் வாடை எனக்கு ஆகாது. பிரிஸ்டலில் இருந்துகொண்டு சைக்கிளை விடுவது கஷ்டம், நகரத்தின் நடுவிலிருந்தே பக்கத்து நகரமான பாத் வரை சைக்கிளுக்குத் தனிப்பாதை கிடக்கிறது. சரி, குனியாமல் ஓட்டுகிற வண்டி எது என்று தேடியதில் ஐஸ் கம்பெனியின் அட்வெஞ்சர் என்ற மாடலில் வந்து நின்றேன். கார்ன்வாலில் ஃபால்மத் என்ற துறைமுக ஊரில் செய்கிறார்கள். 1980களில் பீட்டர் ராஸ் என்பவர் ட்ரைஸ் என்ற பெயரில் உருவாக்கிய வண்டிகளின் வழி வந்தது. 1990களின் கடைசியில் கை மாறி, இன்ஸ்பயர்ட் சைக்கிள் இன்ஜினியரிங் ஆனது. அதன் சுருக்கம்தான் ஐஸ். புதிதாக வாங்கினால் நாலாயிரம் பவுண்டைத் தாண்டும். அந்தப் பணத்துக்கு ஓடுகிற நிலையில் பழைய கார் ஒன்று வாங்கலாமே என்று மனைவி கேட்டாள், நியாயமான கேள்விதான். அதனால் செகண்ட் ஹேண்ட்.

விற்பவர் வடக்கு டெவனில், இன்ஸ்டோ என்ற சின்னக் கடலோர ஊரில் இருந்தார். எம்5 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, 27ஆம் சந்திப்பில் பிரிந்து பார்ன்ஸ்டபிள் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். போவதற்கு முன்பே ஃப்ரேம் நம்பரைக் கேட்டு வாங்கி பைக்ரெஜிஸ்டர் தளத்தில் போட்டுப் பார்த்தேன். திருட்டு வண்டி என்று யாரும் பதிவு செய்திருந்தால் அதில் தெரியும். அவர் நம்பரைக் கேட்டதும் கோபப்படாமல் படமே எடுத்து அனுப்பினார், அதிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ஆறடி உயரம். முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு தரையோடு தரையாக இருக்கும் சீட்டிலிருந்து எழுந்திருக்க முடியவில்லையாம். ட்ரைக் விற்கிற முக்கால்வாசிப் பேர் இதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள், வாங்கும் வயதில் நாமும் கொஞ்சம் யோசித்துக்கொள்ள வேண்டும்.

இன்ஸ்டோவில் வண்டி பார்ப்பதில் ஒரு வசதி, வீட்டை விட்டு வெளியே வந்தால் டார்க்கா ட்ரெயில். பார்ன்ஸ்டபிளிலிருந்து பிடிஃபோர்ட் வழியாக டாரிங்டன் போன ரயில் பாதை, 1965ல் பயணிகள் ரயில் நின்று, பிற்பாடு தண்டவாளத்தை எடுத்து சைக்கிள் பாதை ஆக்கிவிட்டார்கள். பிரான்டனிலிருந்து மீத் வரை ஏறக்குறைய 48 கிலோமீட்டர், கார் கிடையாது, ஏற்றமும் பெரிதாகக் கிடையாது. இன்ஸ்டோவின் பழைய சிக்னல் அறை இன்னும் அப்படியே நிற்கிறது.

ஓட்டுவதற்கு முன் தரையில் மண்டியிட்டு நான் பார்த்தது மடங்கும் இணைப்பைத்தான். லீவரை இறுக்கிவிட்டு, பின்பக்கத்தைப் பிடித்து இடதும் வலதும் ஆட்டினால் அங்கே துளிகூட ஆட்டமோ சத்தமோ இருக்கக் கூடாது, சுற்றியுள்ள வெல்டிங்கில் முடி போன்ற விரிசல்கூட இருக்கக் கூடாது. அடுத்தது முன்சக்கரங்கள் திரும்பும் அச்சு. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்தால் டொக்கென்று தட்டினால் தேய்மானம் என்று அர்த்தம். தட்டவில்லை. இரண்டு முன்சக்கரத்திலும் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் ட்ரம் பிரேக், மழை நாட்டுக்கு இதுதான் சரி என்பது என் கட்சி, டிஸ்க் ஆசாமிகள் மன்னிக்கவும். செயின் தேய்ந்திருந்தது. இதை விலை பேசும்போது மறக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் ட்ரைக்குக்கு ஒரு செயின் பத்தாது, ஏறக்குறைய மூன்று செயின்களை ஒன்றாகக் கோக்க வேண்டும். முன் டயர் இரண்டையும் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் ரம்பம் போலச் சொரசொரப்பு. சக்கரங்கள் நேராக நிற்கவில்லை என்று டயரே சொல்லிவிட்டது. அதற்கும் சேர்த்துக் குறைக்கச் சொல்லி 1,650 பவுண்டுக்கு முடிந்தது, ரேக், மட்கார்டு, கொடிக்கம்பம், வலதுபக்கக் கண்ணாடி எல்லாம் சேர்த்து.

முகத்துவாரத்தை ஒட்டி பிடிஃபோர்ட் பக்கம் கொஞ்ச தூரம் ஓட்டினேன், பழைய ஸ்டேஷன் வரை. அங்கிருந்து பார்த்தால் இருபத்து நான்கு வளைவுகளோடு நீண்ட பாலம். காட்சியை ரசித்தேனா என்றால் பொய், கால் எட்டாத பெடலை விரல் நுனியால் தள்ளிக்கொண்டிருந்தேன். வண்டி அவர் உயரத்துக்கு அமைத்தது, நான் ஐந்தடி ஐந்து.

பழைய ட்ரைக் வாங்குவதில் இதுதான் பெரிய சமாச்சாரம். சாதாரண சைக்கிள் என்றால் சீட்டை இறக்கினால் முடிந்தது. இதில் சீட் இருந்த இடத்தில் இருக்கும், பெடல்தான் நம்மை நோக்கி வர வேண்டும். ஃப்ரேமின் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் குழாயை பூம் என்பார்கள், அது பெரிய குழாய்க்குள் நுழைந்து நகரும். போல்டைத் தளர்த்தி, சீட்டில் முதுகு நன்றாகப் பதிய உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் மிகத் தூரமாக இருக்கும் நிலையில் கால் நேராக நீள வேண்டும். அந்த அளவில் பூமை நிறுத்தினால், முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முட்டி கொஞ்சம் மடங்கியிருக்கும். ரொம்பக் கிட்டே இருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும், எட்டி இருந்தால் பின்நரம்பு இழுக்கும். எனக்கு 7 சென்டிமீட்டர் உள்ளே தள்ள வேண்டியிருந்தது. மிதிக்கும்போது பூம் பக்கவாட்டில் சாயாமல் பெடல் அச்சு தரைக்கு இணையாக இருக்கிறதா என்று ஒரு முறை தள்ளி நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

பூம் 7 சென்டிமீட்டர் உள்ளே போனால் செயினில் மேலே 7, கீழே 7, ஆக 14 சென்டிமீட்டர் தொங்கும். ஒரு கண்ணி அரை இஞ்சு, அதாவது 12.7 மில்லிமீட்டர், கணக்குப்படி பதினொரு கண்ணி. ஆனால் உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருவதால் ஜோடியாகத்தான் எடுக்க முடியும். பத்து எடுத்தால் போதும், மிச்சத்தை பின் கியரின் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும். வெட்டுவதற்கு முன் முன்னால் பெரிய பல்சக்கரத்திலும் பின்னால் பெரிய பல்சக்கரத்திலும் செயினைப் போட்டு இறுக்கம் பார்த்துவிட வேண்டும். நான் எப்படியும் புதுச் செயின் போடுவதால் இந்த அளவிலேயே கோத்தேன். நடுவில் பிளாஸ்டிக் குழாய்களுக்குள்ளும் ஒரு கப்பியின் மேலும் கீழுமாகவும் செயின் ஓடுகிறது, பழையதன் வால் முனையில் புதியதை இணைத்து இழுத்தால் அதே வழியில் தானாக வந்து நிற்கும். முன் கியர் வயரும் பூமோடு சேர்ந்து தளர்ந்திருந்தது, அதைச் சரிசெய்யக் கால் மணி நேரம்.

அப்புறம் சக்கர அலைன்மென்ட். இதற்குக் காசு கொடுத்துக் கடைக்குப் போகலாம், ஆனால் தூரத்துக் கடைகள்தான் ட்ரைக்கைத் தொடுகிறார்கள். இரண்டு மரச் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நகரும்படி ரப்பர் பேண்டால் கட்டி, முன்சக்கரங்களின் விளிம்புக்கும் விளிம்புக்கும் நடுவே விரித்து, அச்சின் உயரத்துக்கு முடிந்தவரை நெருக்கமாக, முன்பக்கம் ஓர் அளவு, பின்பக்கம் ஓர் அளவு. விளிம்பில் சாக்பீஸால் குறி போட்டு, முன்னால் அளந்த அதே இடத்தை வண்டியை உருட்டிப் பின்னால் கொண்டுவந்து அளந்தால், விளிம்பின் கோணல் கணக்கில் வராது. சீட்டில் பாரமும் இருக்க வேண்டும், மனைவியைக் கூப்பிட்டேன்.

"இதில உக்காந்தா எந்திரிக்க முடியுமாங்க?"

"பார்க்கிங் பிரேக் போட்டிருக்கேன், கைப்பிடியை அழுத்தி எந்திரிக்கலாம்."

"ஈசிசேருக்கு இவ்வளவு விலையா" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவள், நான் அளந்து முடிக்கிற வரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டு சுகமாகத்தான் இருந்தாள். முன்பக்கம் பின்பக்கத்தைவிட 6 மில்லிமீட்டர் குறைவு. ஒன்று, இரண்டு வரை இருக்கலாம், அதற்கு மேல் போனால் சக்கரங்கள் தரையில் தேய்ந்துகொண்டேதான் ஓடும், மிதிப்பதும் பாரமாக இருக்கும். சக்கரங்களை இணைக்கும் கம்பியின் ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை. இரண்டு பக்க நட்டையும் தளர்த்திக் கம்பியைத் திருகினால் நீளம் மாறும். 1 மில்லிமீட்டரில் நிறுத்தி இறுக்கினேன்.

பின்சக்கர ஸ்பிரிங்குக்குப் பதில் இதில் ரப்பர் போன்ற ஒரு கட்டை இருக்கிறது, ஓட்டுபவர் எடைக்கு ஏற்ற கடினத்தில் தனியாகக் கிடைக்கும். வண்டியை விற்றவருக்குப் போட்ட கட்டை எனக்குக் கல். மாற்றினேன். பெடல் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஓடும்போது கால் பெடலிலிருந்து நழுவித் தரையில் பட்டால், வண்டி முன்னேறிக்கொண்டே காலை அடியில் இழுத்து மடக்கிவிடும், எலும்பு முறிந்தவர்கள் உண்டு. ஷூவோடு கிளிப் ஆகும் பெடலோ, குதிகாலைத் தாங்கும் பட்டையோ கட்டாயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்துக்குக் கிளம்பினேன். இதுவும் பழைய ரயில் பாதைதான். 1977ல் பிரிஸ்டலில் தொடங்கிய, பிற்பாடு சஸ்ட்ரான்ஸ் என்ற தொண்டு நிறுவனம் ஆன சைக்கிள்பேக் குழு, 1979க்கும் 1986க்கும் நடுவே போட்ட 21 கிலோமீட்டர். ஃபிஷ்பாண்ட்ஸ் தாண்டும் வரை கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். சாய்ந்து உட்கார்ந்திருப்பதால் பெடல் மேல் எழுந்து நின்று மிதிக்க வழியில்லை. சின்னக் கியரில் போட்டுச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், எவ்வளவு மெதுவாகப் போனாலும் விழ மாட்டோம் என்பது ஆறுதல். தொடையில் இதுவரை இருப்பதே தெரியாத தசையெல்லாம் வலித்தது. கழுத்து வலிக்கவில்லை. கை மரத்துப்போகவில்லை. அரை மணி தாண்டியும்.

ஸ்டேபிள் ஹில் சுரங்கம் 471 மீட்டர், விளக்கு உண்டு, ஆனால் நம் தலை எதிரே வருகிறவரின் இடுப்பு உயரத்தில் இருப்பதால் சொந்த விளக்கு இரண்டு போட்டுக்கொள்வது நல்லது. அதற்கு அப்புறம் இறக்கம். வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும், உடம்பை உள்பக்கம் சாய்த்துக் கொடுக்க வேண்டும், வேகத்தில் ஒரு கை பிரேக்கை மட்டும் பிடித்தால் அந்தப் பக்கமே இழுக்கும். பிட்டன் ஸ்டேஷனில் நீராவி ரயில் நின்றிருந்தது, அதைப் படம் எடுக்க வந்தவர்கள் என்னையும் எடுத்தார்கள். சில பக்கப் பாதைகளின் வாயிலில் மோட்டார் சைக்கிள் நுழையாமல் வைத்த இரும்புத் தடுப்புகளில் ட்ரைக் போகாது, இறங்கி ஒருக்களிக்க வேண்டும்.

இவ்வளவு சுகமான வண்டி ஏன் தெருவில் காணோம் என்று கேட்டவர்களுக்கு: 1933ல் பிரான்ஸின் ஃபிரான்சிஸ் ஃபோர், ஷார்ல் மோஷே செய்த சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனையை முறித்தார். மறுவருடமே சர்வதேச சைக்கிள் சங்கம் சைக்கிள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி போட்டு, இந்த வகையைப் பந்தயத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டது. பந்தயத்தில் இல்லாததைப் பெரிய கம்பெனிகள் அதிகம் செய்ய மாட்டார்கள், அதனால் விலையும் இறங்கவில்லை.

பாத்தில் மனைவி எங்கள் ஜாஸ் காரோடு காத்திருந்தாள். கொடியைக் கழற்றி, சீட்டைக் கழற்றி, லீவரைத் திறந்து பின்சக்கரத்தைத் தூக்கி முன்னால் கவிழ்த்து, தொங்கும் செயினை வெல்க்ரோ பட்டையால் கட்டி, பின் சீட்டுகளை மடித்து உள்ளே தள்ள ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது, இருபது கிலோ பக்கம் கனம். செயின் மசி பட்டால் போகாது, அதனால் பழைய லுங்கி ஒன்றைச் சுற்றாமல் வண்டி காரில் ஏறக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். லுங்கியைச் சுற்றினேன். அப்படியும் டிக்கி மூடும்போது கண்ணாடித் தண்டு இடித்தது. அதையும் திருகிக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.