திரைக்கதை மேசையில் எழுதாத ஒருவர்

நாவலைத் தனியொருவர் எழுதுகிறார், திரைக்கதையைப் பலர் கூடி எழுதுகிறார்கள் என்று சொல்வது வழக்கம். ஆள் எண்ணிக்கையைவிட, மறுப்பு எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது என்பதையே நான் பெரிய வேறுபாடாகக் கருதுகிறேன். நாவலாசிரியருக்கும் பதிப்பாசிரியர் உண்டு. ஆனால் பெரும்பாலும் அவர் கைக்குப் பிரதி போய்ச் சேரும்போது பாத்திரங்கள் பேசி முடித்திருப்பார்கள், முடிவும் எழுதப்பட்டிருக்கும். திரைக்கதையிலோ நேற்று எழுதிய காட்சியை இன்றே இன்னொருவர் படித்துவிட்டு, 'இவன் இந்த இடத்தில் இப்படி நடந்துகொள்ள மாட்டான்' என்று சொல்லிவிட முடிகிறது. அடுத்து எழுதப்படும் காட்சிகள் எல்லாம் அந்த மறுப்பைச் செரித்துக்கொண்டே பிறக்கின்றன.

1954இல் வெளிவந்த 'ஏழு சாமுராய்கள்' என்ற ஜப்பானியப் படத்தின் திரைக்கதையை அதன் இயக்குநர் அகிரா குரோசாவா, ஷினோபு ஹஷிமோட்டோ, ஹிடியோ ஒகுனி ஆகிய மூவரும் ஒரு விடுதியில் தங்கி உருவாக்கினார்கள். குரோசாவாவும் ஹஷிமோட்டோவும் ஒரே காட்சியைத் தனித்தனியாக எழுத, ஒகுனி தாம் எதுவும் எழுதாமல், இருவர் எழுதியதையும் படித்துத் தீர்ப்புச் சொல்பவராக அமர்ந்திருந்தார். இயக்குநரே எழுதிய பக்கமும் அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. எழுதுபவருக்குத் தம் வாக்கியத்தின்மீது பற்று வந்துவிடுகிறது. எழுதாதவருக்கு அந்தப் பற்று இல்லாததால், கதைக்கு எது தேவை என்பதை மட்டும் அவரால் பார்க்க முடிகிறது.

நாவலில் ஒகுனியின் வேலையையும் எழுதுபவரே செய்தாக வேண்டும். தாம் எழுதிய பத்தியை அந்நியராக நின்று படிக்கும் அந்தக் கடுமையை நான் மிகவும் மதிக்கிறேன். அதோடு, திரைக்கதையாசிரியர் ஒரு பெண்ணின் தயக்கத்தை நடிகையின் முகத்தை நம்பி ஒரே வரியில் விட்டுவிடலாம். நாவலாசிரியருக்கு அப்படிக் கைகொடுக்க எவரும் இல்லை.

பல பெயர்கள் சேர்ந்து திரையில் வருவதாலேயே அதைக் கூட்டு எழுத்து என்று கொள்ள முடியாது. அமெரிக்கத் திரைக்கதையாசிரியர் சங்கத்தின் விதிப்படி, குழுவாகச் சேர்ந்து எழுதியவர்களின் பெயர்களுக்கு நடுவே 'ஆம்பர்சாண்ட்' (&) குறியும், தனித்தனியாக எழுதியவர்களின் பெயர்களுக்கு நடுவே 'அண்ட்' (and) என்ற முழுச்சொல்லும் இடம்பெறுகின்றன. மிக நேர்மையான ஏற்பாடு இது. முதலில் எழுதியவரை ஒருமுறைகூட மேசைக்கு அழைக்காமல் வேறொருவர் திருத்தி முடித்த பிரதியைக் கூட்டு முயற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.