துறவுக்கு விலை வைத்த அரசு

755-இல் படைத்தளபதி ஆன் லூஷானின் கலகம் வெடித்தபோது சீனத்தின் தாங் அரசிடம் படைக்குக் கொடுக்கப் பணமில்லை. அதற்காக, ஒருவரைப் பௌத்தத் துறவியாக ஏற்கும் பிக்குச் சான்றிதழ்களை விற்க ஆரம்பித்தார்கள். பிக்குவானால் வரி இல்லை, கட்டாய உழைப்பும் இல்லை. வசதியுள்ளவன் வாங்காமல் இருப்பானா? அன்றைக்குக் கைக்குக் காசு வந்தது, ஆனால் வரி கட்டுகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள்.

அப்புறம் 845. பேரரசர் வூட்சோங் 4,600 மடாலயங்களை மூடி, 2,60,000-க்கும் மேற்பட்ட பிக்கு, பிக்குணிகளை வரிப்பட்டியலில் சேர்த்தார். மடங்களின் அடிமைகள் 1,50,000 பேரும் அதே பட்டியலுக்குப் போனார்கள். வெண்கலச் சிலைகளும் மணிகளும் நாணயமாயின, இரும்புச் சிலைகள் உழவுக் கருவிகளாயின. சீனத்தின் இன்னொரு சமயமான தாவோ மீது அவருக்கிருந்த பக்தியைத்தான் காரணமாகப் பலரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் உருக்கிய வெண்கலம் எங்கே போனது என்று பாருங்கள். காலியான கருவூலமும் அதே அளவுக்குக் காரணம் என்றே நினைக்கிறேன். வாழ்நாளெல்லாம் மடத்திலேயே கழித்த வயதான பிக்குணிகள் எங்கே போயிருப்பார்கள் என்பதுதான் என்னை வாட்டுகிறது.

அடுத்த ஆண்டே வூட்சோங் இறந்தார், தடையும் தளர்ந்தது. பின்னால் வந்த சோங் அரச மரபின் காலத்தில் சான்றிதழ் விற்பனை மறுபடி சூடுபிடித்தது. கவிஞர் சூ ஷி ஹாங்சோவில் அதிகாரியாக இருந்தபோது, மேற்கு ஏரியைத் தூர்வார உதவியதும் அப்படி விற்ற பணம்தான்.