கயிற்றின் மறுமுனையில் ஒரு மூக்கு

கடற்கரையில் நாயுடன் நடப்பது பெயருக்குத்தான் நடை. அது மோப்பம் பிடிக்கும், நாம் காத்து நிற்போம். அழுகிய மீன் எங்கே கிடந்தாலும் என் நாய்க்கு அது அத்தர்தான். முதலில் மூக்கை வைக்கும்; பிறகு ஒரு தோளைச் சாய்த்துப் புரளத் தயாராகும். அந்த நொடியில் கயிற்றை இழுத்தால் பிழைத்தோம்.

நாற்றம் மட்டும் என்றால் குளிப்பாட்டிவிடலாம். எனக்குப் பயம் கரையொதுங்கும் பேத்தை மீனிடம்தான். அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கும் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு நரம்புகளை முடக்கிவிடும், முறிமருந்து கிடையாது. சொறிமீன் செத்துக் கிடந்தாலும் கொட்டும்.

கடல்நீரைக் குடிக்க விடாதீர்கள். கொஞ்சம் என்றால் வயிற்றுப்போக்கோடு போகும். அதிகமானால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை கொண்டுபோய்விடும். ஒரு பாட்டில் நல்ல தண்ணீர், ஒரு கிண்ணம் போதும். மணலின் சூட்டைப் புறங்கையால் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

"எங்கள் நாய் ஒன்றும் செய்யாது" என்று கயிற்றை அவிழ்த்துவிடுகிறவர்களைக் கேட்கிறேன்: மணற்குழியில் முட்டையிட்டிருக்கும் உப்புக்கொத்திக்கு அது தெரியுமா? நாய் முட்டையைத் தொடவே வேண்டாம். தாய்ப்பறவை பயந்து எழுந்து வெகுநேரம் திரும்பாவிட்டால், வெயிலே மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

வீடு திரும்பியதும் விரலிடுக்குகளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். உப்பும் மணலும் அங்கேதான் தங்கிப் புண்ணாக்கும். சொல்வது சுலபம். அலைக்குள் அப்படிப் பாய்கிற என் நாய், வாளித் தண்ணீரைக் கண்டால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது.