ஞானஸ்நானச் சீட்டு

மடு மாதா கோவில் ஆவணித் திருவிழாவில்தான் மகன் வாயைத் திறந்தான். காட்டு மரத்தடியில் கூடாரம் போட்டிருந்தோம். கல்லடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. "அம்மா, நான் அமலமரித் தியாகிகள் சபையில் சேரப் போகிறேன்" என்றான். கத்தோலிக்கத் துறவற சபை அது. என் கணவர் உடனே சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். எனக்குச் சந்தோஷம் வர இரண்டு நாள் பிடித்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மம்மா பயற்றம் பணியாரத்துக்குப் பயறு வறுக்கத் தொடங்கிவிட்டார். மணம் பிடித்து வந்த முன்வீட்டு அக்காவிடம் "மகன் போகப் போகிறான்" என்றேன். அவருடைய முகம் மாறிவிட்டது. வன்னியில் பிள்ளை "போகிறான்" என்றால் எங்கள் வயதுக்காரருக்கு இயக்கத்துக்குப் போன பிள்ளைகளின் நினைவுதான் வரும். "சுவாமியாராக" என்று சொன்ன பிறகுதான் மூச்சு விட்டார். அவர் சைவம்; ஆனாலும் அடுத்த நாள் ஒரு சட்டி மோதகத்தோடு வந்தார்.

கொண்டாட்டம் ஒரு கிழமை. பத்திரங்களுக்கு மூன்று மாதம்.

பங்குத்தந்தையின் கடிதம், மருத்துவ அறிக்கை, உயர்தரப் பெறுபேறு எல்லாம் சுலபம். எங்கள் திருமணப் பதிவு மன்னாரில் பத்திரமாக இருந்தது. 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை நான் இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்த பொலித்தீன் பையில் காணி உறுதியும் வங்கிப் புத்தகமும் மகனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் தப்பியிருந்தன. ஞானஸ்நானச் சீட்டு மட்டும் மேசை லாச்சியிலேயே போய்விட்டது. கோவில் பதிவேடும் செல்லடியில் அழிந்தது. "பதிவு இல்லாமல் சான்றிதழ் தர முடியாது" என்று ஓரிடத்தில் முகத்திலடித்தாற்போல் சொன்னார்கள். நான் சுமந்துபோய் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளை!

வழி காட்டியவர் எங்கள் பங்குத்தந்தை. திருச்சபைச் சட்டம் 876 இன்படி, யாருக்கும் பாதகம் வராதபோது, நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சி போதுமாம். மகனின் ஞானத்தாய் வவுனியாவில் இருக்கிறார். பஸ் ஏறிப் போனோம். கண் பார்வை மங்கிவிட்டது, ஞாபகம் மங்கவில்லை. "தண்ணீர் பட்டதும் சுவாமியின் தாடியைப் பிடித்து இழுத்தானே, விட்டானா?" என்று சிரித்தார். நானே மறந்துபோன தாடி அது. வேதாகமத்தில் கை வைத்துச் சத்தியம் செய்து, நடுங்கும் கையால் ஒவ்வோர் எழுத்தாகக் கையொப்பமிட்டார்.

இனி அவன் பாதை நீண்டது. நவதுறவகம் என்ற துறவறப் பயிற்சி இல்லத்தில் குறைந்தது 12 மாதம், பிறகு சில ஆண்டுகளுக்குத் தற்காலிக வார்த்தைப்பாடு, அதாவது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு, அதன் பின்புதான் நித்திய வார்த்தைப்பாடு. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்றோடு, இந்தச் சபையில் நிலைத்திருத்தல் என்று நாலாவதும் உண்டு. "அதைக் கலியாணத்திலும் கேட்டிருக்கலாம்" என்றார் கணவர். இலங்கையிலிருந்து இந்தச் சபையினர் பாகிஸ்தான் வரை போயிருக்கிறார்கள் என்று அறிந்த இரவு, மகனின் பழைய தேசப்படப் புத்தகத்தை நான் யாருக்கும் தெரியாமல் விரித்துப் பார்த்தேன்.

புதிய பதிவேட்டில் அவன் பெயரை எழுதி முடித்த பங்குத்தந்தை, புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். வலது ஓரத்தில் விரலகலத்துக்கு வெறும் இடம். "நித்திய வார்த்தைப்பாடும் குருப்பட்டமும் எங்கே நடந்தாலும் இங்கே அறிவிப்பார்கள். இதில்தான் எழுதுவோம்."

சான்றிதழின் பிரதியொன்றை அதே பொலித்தீன் பையில் வைத்திருக்கிறேன்.